ரேடியோவுக்கு எடுத்துக் கொடுத்த வரி

எங்கள் சீரியலில் ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாள். காலையில் வந்து உட்கார்ந்தால் படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்லும் வரை வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். வம்பு பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள், வம்பு என்னுடைய இலாகா. நான் மேக்கப் போடுகிறவள். ஒரு முகத்தை அவ்வளவு நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக் கதையெல்லாம் தானாக வந்து சேரும். ரேடியோ பேசுவதோ முழுக்க முழுக்க அடுத்தவர் வசனம். அவள் பிராம்ப்டர்.

தினமும் ஒளிபரப்பாகிற தொடரில் வசனத்தை மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. தாள் அன்றன்றைக்குக் காலையில்தான் வரும், அதுவும் பாதி வெந்தும் வேகாமலும். அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் தரையில் பிராம்ப்டர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, நடிகர்கள் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். பிறகு டப்பிங்கில் பிராம்ப்டர் குரல் காணாமல் போய்விடும். ரேடியோ எத்தனையோ வருஷம் நாள் முழுக்கப் பேசியும் அவள் குரல் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. காதில் விழுந்ததைச் சொல்லியே பழகியவர்கள் எது விழுந்தாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு சாவு வீட்டுக் காட்சி. தாளைத் திருப்பும்போது ரேடியோ, "ஐயோ, கால் மரத்துப்போச்சே" என்று முனகினாள். அப்பாவாக நடிப்பவர் உடனே நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, கால் மரத்துப்போச்சே!" என்று கதறினார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓகே சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினேன்.

ரேடியோ நடிக்கத்தான் வந்தாள். வீட்டோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள். முதல் நாள் அவளுக்கு ஒரே ஒரு வரி, "சார், உங்களுக்கு போன்." கேமரா ஓடியதும் மரம் மாதிரி நின்றுவிட்டாள். மூன்று வார்த்தை வெளியே வரவில்லை. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிராம்ப்டர் வரவில்லை என்பதால், "போறதுக்கு முன்னாடி அந்தத் தாளையாவது படி" என்று உட்கார வைத்தார். எங்கள் தொடரின் அம்மா, சினிமாவில் கொடி கட்டிப் பறந்த பழைய கதாநாயகி, முதுகுக்குப் பின்னால் நாங்கள் மகாராணி என்று சொல்கிறவர், ரெண்டு வரி கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு குரல் என் காதுல உட்காருது. இவளையே வச்சுக்கோங்க" என்றார். அதோடு ரேடியோவுக்கு வேலை நிலைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இன்றும் மகாராணி வரும் திசையில் எழுந்து நிற்கிறாள்.

ஆனால் மனசுக்குள் அவளுக்கு எழுதும் ஆசை. எனக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு வேளையில் தான் எழுதிய காட்சிகளைக் கிசுகிசுப்பாகப் படித்துக் காட்டுவாள், நான் தட்டில் கை காய்ந்துபோகக் கேட்டுக்கொண்டிருப்பேன். "டைரக்டர்கிட்ட கேளுடி" என்று திட்டாத நாள் இல்லை. டைரக்டரின் அறைவாசல் வரை போவாள், "ஃபேன் போடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஊர்ப்பட்ட வசனத்தை அலட்டாமல் சொல்கிறவளுக்குத் தனக்காகச் சொல்ல ஒரு வார்த்தை வராது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காட்சி வந்தது. வீட்டை விட்டுப்போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள், அம்மா கதவைத் திறக்கிறாள். இரவே ஒளிபரப்பு. வசனகர்த்தா தாளை அனுப்பிவிட்டு போனை அணைத்துவிட்டார். மகாராணி கண்ணில் நீர் கோத்து, குரல் உடைந்து, அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று ரேடியோ தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமே எழுதவில்லை. அவ்வளவுதான் அனுப்பியிருக்கிறார் மனிதர்! டைரக்டர் கட் சொல்லவில்லை. மகாராணி அடுத்த வரிக்காகக் காத்து நிற்கிறார், கன்னத்தில் நீர் இறங்குகிறது. தாளில் இல்லாத ஒரு சொல்லைக்கூடப் பிராம்ப்டர் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மறுநாள் வேலை இல்லை.

ரேடியோ சொன்னாள்: "உன் செருப்பை ஒளிச்சு வச்சா நீ போகமாட்டேன்னு நெனச்சேன். நீ வெறுங்காலோட போயிட்ட. அந்த செருப்பை இன்னும் தொடைச்சுத்தான் வச்சிருக்கேன்."

மகாராணி அப்படியே சொன்னார். மகளாக நடித்த பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அது நடிப்பே இல்லை. லைட் பிடித்தவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள்.

அரைகுறையாகத் தூங்கி எழுந்த வசனகர்த்தா, யாரோ சொல்லி விஷயம் தெரிந்து, சாயங்காலம் போனில் குதித்தார். டைரக்டர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பொண்ணு ஹை ஹீல்ஸ் போட்டுட்டு கார்ல போனாய்யா! செருப்பு எங்கேர்ந்து வந்தது? என் தாள்ல கை வச்சது யாரு? அந்தப் பிராம்ப்டரா? நாளைக்கு அவ உள்ள வரக் கூடாது!"

ரேடியோவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. மகாராணி எழுந்து வந்து போனைப் பிடுங்கினார். "நான்தான் சொன்னேன். எனக்குத் தோணுச்சு. நானும் நாளைக்கு உள்ள வரக் கூடாதா?" அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். நட்சத்திரத்துக்குத் தோன்றினால் ஹை ஹீல்ஸும் செருப்பாகும்.

காட்சி ஒளிபரப்பானது. மறுநாள் பார்த்தவர்களெல்லாம் அந்தச் செருப்பைப் பற்றித்தான் பேசினார்கள். பாராட்டு வந்ததும் அந்த வரி வசனகர்த்தா பெற்ற பிள்ளையாகிவிட்டது. "கடைசி நிமிஷத்துல போன்ல சொன்னேன்" என்று கூசாமல் சொல்லித் திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேடியோவோ, "போகட்டும் அக்கா, வேலை தப்பிச்சுதே, அதுவே பெரிசு" என்றாள். அவளை ரெண்டு சாத்தலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் சேனலில் எங்கள் தொடரைக் கவனிக்கும் அதிகாரி, நாங்கள் சேனல் மேடம் என்பவர், மேக்கப் அறைக்கே வந்துவிட்டார், பின்னாலேயே வசனகர்த்தா. மகாராணி என் கைக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம்மா" என்றார் மேடம். "உண்மையைச் சொன்னா, வசனத்துக்கு இன்னொருத்தரைச் சேர்க்கலாம்னுதான் இருந்தோம். சார் இப்படி எழுதுறார்னா இனிமே எதுக்கு?"

மகாராணி கண்ணைத் திறக்கவில்லை. "அது அவர் எழுதினதில்ல."

"அப்ப நீங்களா?"

"நானா? கேமரா முன்னாடி சொந்தமா 'வா'ன்னுகூட நான் சொன்னதில்ல. அன்னிக்கு போன்ல சொன்னது பொய்." பிறகு என்னிடம், "ரேடியோவைக் கூப்பிடு" என்றார்.

நான் பிரஷ்ஷும் கையுமாக ஓடி அவளை இழுத்துவந்தேன். கதவருகில் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லுடி" என்றார் மகாராணி. அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வசனகர்த்தா பெரிய மனசோடு சிரித்தார். "நம்ம பிராம்ப்டர்தான் மேடம், நல்ல பொண்ணு." மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் இவளுக்கு இன்னொரு கதவு திறக்காது.

மகாராணி கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, ரேடியோ தரையில் உட்கார்ந்து சொல்வாளே அதே கணக்கில் ஆரம்பித்தார்.

"அந்த வரி..."

"அந்த வரி..." என்றாள் ரேடியோ, தன்னை அறியாமலே.

"என்னோடது."

"என்னோடது."

"தாள் முடிஞ்சுபோச்சு. நான்தான் சொன்னேன்."

"தாள் முடிஞ்சுபோச்சு. நான்தான் சொன்னேன்."

"எனக்கு எழுத வரும்."

ரேடியோ நின்றுவிட்டாள். மகாராணி இன்னொரு தடவை, கொஞ்சம்கூட அவசரப்படாமல், "எனக்கு எழுத வரும்" என்றார்.

"எனக்கு எழுத வரும், மேடம்."

அந்த 'மேடம்' அவளாகச் சேர்த்தது. வசனகர்த்தா சுவரில் இருந்த காலண்டரை ஆராய ஆரம்பித்தார். சேனல் மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செருப்பை ஒளிச்சு வைக்கிறது எப்படித் தோணுச்சு உனக்கு?"

ரேடியோ கண்ணாடியைப் பார்த்தாள், அடுத்த வரிக்காக. மகாராணியோ கண்ணை மூடிக்கொண்டு, "பவுடர் போடு" என்று முகத்தை என் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. நான் பவுடரை எடுத்தேன்.

"எங்க வீட்லேர்ந்துதான் மேடம்" என்றாள் ரேடியோ. "நான் நடிக்கப் போறேன்னு கெளம்பினப்ப எங்க அம்மா ஒளிச்சு வச்சாங்க. அவங்க இப்ப என்கூடத்தான் இருக்காங்க. இதுவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு நானே எவ்வளவோ நாள் சொல்லிப் பார்த்திருக்கேன்." அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. அந்த மகள் இனி என்ன கேட்பாள், அம்மா எதை மறைப்பாள் என்று தன் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து போகும்போது, "திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா, எழுதினதையெல்லாம் எடுத்துட்டு வா" என்றார்.

எல்லோரும் போன பிறகு ரேடியோ நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, வழக்கம் போலத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மகாராணி கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தெரியலன்னா எழுதிக் கொண்டு வா. நானே சொல்லிக்கிறேன்."

அன்றைக்கு எனக்குக் கண்ணில் நீர் மறைத்ததால் அவருடைய புருவத்தை நான் ரெண்டு தடவை அழித்து வரைய வேண்டியிருந்தது.