நடு ஆற்றில் நின்ற என் வீட்டுக்காரர்

குழாயில் தண்ணீர் வேகமாக விழும் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் ஓடிப்போய் அடைத்துவிடுகிறேன். பாத்திரம் கழுவும்போதுகூடக் குழாயைப் பாதிதான் திறக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மத்தியானம் நான் எதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன் என்பது எனக்குத் தெரியும், என் குலதெய்வம் பச்சைவாழியம்மனுக்குத் தெரியும். அவளை நம்புகிற உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஐந்தாவதோடு நின்றவள். கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் தாளைப் பிரித்துப் பிரித்துப் படித்தே எழுத்துப் பழகினேன். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. ஒரே மகன் குமரன். ஓமான் நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். போன வருஷம் சம்பா அறுத்து முடித்ததும், "கொஞ்ச நாளு வந்து இருந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் போட்டுவிட்டான். திருப்பதியைத் தாண்டாத நாங்கள் மாசி மாதம் விமானம் ஏறினோம்.

நாங்கள் செய்த காரியத்தைக் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். அதனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தை மாதம் எங்கள் பக்கம் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தமாடும். நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், ஆற்றுக்குள்ளேயே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டு, சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். காய்ந்த ஆறு என்றால் எங்களுக்கு அது சாப்பிடுகிற இடம், பிள்ளைகள் ஓடியாடுகிற இடம். பயப்படுகிற இடம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. குமரனுக்கு லீவு. கூட்டாளியின் காரை வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் சுற்றிக்காட்டக் கூட்டிப் போனான். எங்கே பார்த்தாலும் மொட்டை மலை. ஓர் இடத்தில் ரோடு இறங்கி ஓர் அகலமான காய்ந்த ஆற்றைக் குறுக்கே கடந்து போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று காட்டுகிற கம்பங்கள் அவை. நாங்கள் அலங்காரத்துக்கு நட்டது என்று நினைத்தோம்.

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தோ பார்றா குமரா, ஆறு! நம்ம ஆத்தாட்டம் எவ்ளோ அகலம் பாரு. நிறுத்துடா, இங்கியே சாப்புடலாம்."

"வண்டிய உள்ள எறக்கலாமாப்பா?"

"கல்லு கெட்டியாத்தான் இருக்குது. எறக்கு எறக்கு."

குமரனும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே. இறக்கிவிட்டான். போர்வையை விரித்துப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைத்தேன். "மணலும் இல்ல, சாமியும் இல்ல. இன்னா திருவிழா இது?" என்று நான் கேலி செய்ய, "நீ ஒரு சாமி, நான் ஒரு சாமி. தின்னுடி" என்றார். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். தலைக்கு மேலே நல்ல வெயில். தூரத்து மலை உச்சியில் மட்டும் மேகம் கருகருவென்று நின்றது. அவர் விவசாயி இல்லையா, அதைப் பார்த்துவிட்டு, "அங்க நல்லா ஊத்துது. யாரு கொல்லைக்கோ யோகம்" என்றார். அந்த மழை எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எதிர்க்கரைப் பக்கம் கொஞ்சம் பச்சையும் ஒரு சின்னக் குட்டையும் தெரிந்தது. "அது இன்னா மரம்னு பாத்துட்டு, கையக் கழுவிட்டு வரேன்" என்று அவர் முட்டிவலியோடு மெதுவாக நடந்தார். அந்த நேரம் எங்கள் பக்கத்து ரோட்டில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறார்களாக்கும் என்று குமரன், "போங்க போங்க" என்று கை காட்டினான். வெள்ளை நீள அங்கி போட்ட ஒரு பெரியவர் வண்டியிலிருந்து குதித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக் கத்தினார். அவர் பாஷை புரியவில்லை. குரல் புரிந்தது. என் பிள்ளை கிணற்றில் விழப் போனால் நான் எப்படிக் கத்துவேனோ, அப்படி ஒரு குரல்.

பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜல்லி லாரி ஒன்று விடாமல் கொட்டிக்கொண்டே வருகிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் என்று சொல்ல முடியாது. செம்மண் நிறத்தில் ஒரு சுவர். முள்ளும் மரக்கிளையும் தகரமும் நுரையும் சேர்ந்து உருண்டு வந்தது. குமரன் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள் பிசகிவிட்டது. செருப்பு எங்கே போனது, கரை எப்படி ஏறினேன், எதுவும் நினைவில்லை. ஏறித் திரும்பினால், போர்வை இல்லை. கார் தீப்பெட்டி மாதிரி மிதந்து சுற்றிக்கொண்டே போகிறது. என் வீட்டுக்காரர் ஆற்றின் நடுவில், ஒரு பாறைத் திட்டின் மேல் தொற்றிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர்.

"அப்பா!" என்று குமரன் பாயப் போனான். அந்தப் பெரியவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓர் அறை விட்டு, தரையில் உட்கார வைத்தார். முன்பின் தெரியாத மனுஷர். அந்த அறைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுகிறேன்.

அடுத்து என்ன ஆனது தெரியுமா? என் வீட்டுக்காரர் திட்டின் மேல் நின்று சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பாகூர் ஏரியில் நீந்தி வளர்ந்தவர். வெள்ளத்தில் ஆடு மாடு போனால் குதித்துப் பிடித்து வருகிறவர். இதையும் நம் ஊர்த் தண்ணீர் என்று நினைத்துவிட்டார். பெரியவர் அதைப் பார்த்து, அவரைக் காட்டி, என்னைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதிக் காட்டினார். உள்ளே பாறை உருள்கிறது, இறங்கினால் நசுங்கிப் போவான் என்கிறார். காதை வைத்துக் கேட்டேன். தண்ணீருக்கு அடியில் கடகடவென்று சத்தம்.

கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து நான் அவரை மரியாதை விட்டுப் பேசினதில்லை. அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"யோவ்! குதிக்காதய்யா! உள்ள கல்லு உருளுதுய்யா! நில்லுய்யா அங்கியே!"

"இன்னாடீ?"

"நில்லுய்யா! ஆளு வருது!"

ஆள் எதுவும் வரவில்லை. அவர் குதிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு நின்றார். என் பேச்சை நம்பி நின்றார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

போகிற வண்டிகள் நின்றன. ஒருவர் கயிறு வீசினார். பாதியில் விழுந்தது. கல்லைக் கட்டி வீசினார்கள். தண்ணீர் வாரிக்கொண்டு போனது. பெரியவர் போனில் யாரிடமோ கத்தினார். பிறகு ஓர் ஆளைத் தன் பிக்கப்பில் ஏற்றி எங்கோ விரட்டிவிட்டார். அதற்குள் தண்ணீர் திட்டின் மேல் ஏறிவிட்டது. முதலில் அவர் பாதம் மறைந்தது. அப்புறம் கணுக்கால். அப்புறம் அந்த வலிக்கிற முட்டி.

நான் சாமியிடம் பேரம் பேசுகிற பொம்பிளை. நெல் நன்றாக விளைந்தால் பொங்கல், பிள்ளைக்கு வேலை கிடைத்தால் சேலை, காய்ச்சல் நின்றால் மாவிளக்கு என்று ஒன்றுக்கு ஒன்று பேசியே பழகினவள். அன்றைக்கு என்ன நேர்ந்துகொள்வது என்றே வாயில் வரவில்லை. அம்மன் முகமும் நினைவுக்கு வரவில்லை. அந்நிய நாடு, என் குரல் அவளுக்குக் கேட்குமா என்றுகூட நடுங்கினேன். ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "ஆத்தா, அவுரு தனியா நிக்கிறாரு. கூடப் போயி நில்லு." அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட நில்லு, கூட நில்லு.

அப்போது ரோட்டில் பெரிய இரைச்சல். முன்பக்கம் இரும்புத் தொட்டி வைத்த, ஆள் உயரச் சக்கரம் உள்ள மண் அள்ளும் வண்டி. பக்கத்தில் ரோடு போடுகிற இடத்திலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். ஓட்டி வந்தவர் தாடி வைத்த ஒரு பாகிஸ்தான்காரர். தண்ணீரைப் பார்த்தார். அவருக்கும் பயம்தான், முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்து, "அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டியை ஆற்றில் இறக்கிவிட்டார்.

வண்டி நகர்கிறதா என்றே தெரியாத வேகம். சக்கரம் முழுகியது. நடுவில் ஒரு தடவை வெள்ளம் அதைப் பக்கவாட்டில் தள்ளியது. கரையில் அத்தனை பேரும் அலறினார்கள். இப்போது ஒரு உயிருக்கு இரண்டு உயிர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் முணுமுணுப்புக் கேட்டது. அந்தப் பெரியவர் இரண்டு உள்ளங்கையையும் வானத்தைப் பார்த்து விரித்து வேண்டிக்கொண்டிருந்தார். நான் கையைக் கூப்பி நின்றேன். ஆளுக்கொரு விதமாகக் கை வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பேருக்காகவும் தோளோடு தோள் நின்று அழுதோம்.

வண்டி திட்டை முட்டி நின்றது. தொட்டி தாழ்ந்தது. என் வீட்டுக்காரருக்குக் காலைத் தூக்க வரவில்லை. குப்புற விழுந்தார். தொட்டி மேலே எழும்பியது. குண்டானுக்குள் உட்கார்ந்த குழந்தை மாதிரி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு மேலே ஆடி ஆடி வந்தார். கரையில் இறக்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"சோத்து டப்பா இன்னாச்சுடி?"

அவர் முதுகில் அடி அடி என்று அடித்துவிட்டு, அவர் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். அழுது முடித்து நிமிர்ந்தபோது அந்தத் திட்டு இல்லை. தண்ணீர் மூடிவிட்டிருந்தது.

வண்டி ஓட்டினவரைத் தேடினோம். அவர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி என் ஈரத் தலையைத் துவட்டி, பிசகின தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேரீச்சம்பழம், சூடான காப்பி, சோறு. என் வீட்டுக்காரருக்குப் பெரியவருடைய வெள்ளை அங்கியை மாட்டிவிட்டார்கள். குமரன் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, அரபு ஷேக்காட்டம் ஆயிட்ட" என்றான். "போடா, நாலு ஏக்கரா ஷேக்கு" என்றார் அவர். அங்கேதான் எங்களுக்கு மூச்சு வந்தது. குமரன் பெரியவர் காலில் விழப் போனான். அவர் பதறி விலகி, ஒற்றை விரலை மேலே காட்டினார்.

பெரியவர் வண்டியில் திரும்புகிற வழியில் என் வீட்டுக்காரர் தன் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "முட்டிக்குத் தண்ணி வந்தப்ப காலு வெடவெடன்னு ஆடிச்சு, முடிஞ்சிதுன்னு நெனைச்சேன்" என்றார். "அப்புறம் இன்னாவோ தெரியல, ஆட்டம் நின்னுப்போச்சு. யாரோ பக்கத்துல நிக்கிறாப்பல இருந்துச்சு." நான் என்ன வேண்டினேன் என்று அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது.

ஊருக்கு வந்து கோயிலில் பொங்கல் வைத்தோம். பேரத்துக்கு இல்லை, சந்தோஷத்துக்கு. அன்றையிலிருந்து நான் சாமியிடம் எதையும் பேசி முடிப்பதில்லை. கூட நில் என்று மட்டும் கேட்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மழை இருட்டினால் இன்னமும் அவரைக் கொல்லைக்கு விடமாட்டேன். ஆனால் பயத்தோடேயே கும்பிடலாம் என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் மாறியது. போன மாதம் தவளக்குப்பம் தாண்டி ஒரு வெளியூர்க் கார் பஞ்சராகி நின்றது. கைப்பிள்ளையோடு ஒரு குடும்பம் வெயிலில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். "ஸ்டெப்னி மாட்டத் தெரியுமாங்க?" என்று அந்தத் தம்பி கேட்டான். "தெரியாது. முட்டிவலி, குனியவும் முடியாது" என்றார் இவர். "அப்ப இன்னாத்துக்கு நின்னீங்க?" "சும்மா, கூட நிக்கலாம்னுதான் தம்பி." அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் வருகிறவரை நான் குடை பிடித்தேன், அவர் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டினார்.

இதைப் படிக்கிற யாராவது ஒருவர் இந்த நேரம் சுற்றிலும் தண்ணீர் ஏறும் திட்டில் நிற்கலாம். நோயோ, கஷ்டமோ, எதுவோ. நேர்ந்துகொள்ள ஒன்றும் தோன்றாவிட்டால் பரவாயில்லை, அம்மா. ஐயா, அழுதாலும் பரவாயில்லை. கூட நில் என்று அம்மனைக் கேளுங்கள். எந்த நாட்டு முகத்தோடு வருவாள், என்ன வண்டியில் வருவாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வருவாள். அதுவரை குதித்துவிடாதீர்கள். நில்லுங்கள்.