ஜன்னலுக்கு முதுகு காட்டியவர்

கப்பலில் அவனுக்குத் துண்டு கொடுக்கிற வேலை. மேல்தளத்தில் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக் கவுண்டர், அதன் பின்னால் அடுக்கடுக்காக நீலத் துண்டுகள். பயணி அட்டையை நீட்டினால் துண்டு கொடுக்க வேண்டும், ஈரத் துண்டு வந்தால் கூடையில் போட வேண்டும், நடுநடுவே சிரிக்க வேண்டும். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான். அதனால் கப்பல் முழுக்க அவனைத் துண்டுக்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

இந்த உல்லாசக் கப்பலுக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால், பாவம், உங்களைவிட ஏமாளி கிடையாது. ஒருநாள் இடது பக்கம் டால்ஃபின் கூட்டம் துள்ளுகிறது என்று மைக்கில் சொன்னார்கள். அத்தனை பேரும் சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்கள். எழுந்தவர்கள் தங்கள் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார்கள், பக்கத்தில் நிற்கிறவனை ஒரு பார்வை பார்த்தார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் புருஷனை அனுப்பினாள். "நீங்க போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க, நான் இடத்தைப் பாத்துக்கிறேன்" என்றாள். விடிந்ததும் விடியாததுமாக வந்து துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுப் போய்த் தூங்குகிற கூட்டம் அது. எந்தத் துறைமுகம் வந்தது, அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். பக்கத்து கேபின்காரருக்கு வந்த பழத்தட்டு தங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இதையெல்லாம் முன்பு அவன் சிரித்துக்கொண்டேதான் பார்த்தான். அப்போது அவன் மனைவி அதே கப்பலில் இருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் வருகிறவர்களை மேஜையில் உட்கார வைக்கிற வேலை அவளுக்கு. கப்பலிலேயே பார்த்து, கப்பலிலேயே பழகி, லீவில் போய்க் கல்யாணம் முடித்துக்கொண்டு திரும்பியவர்கள். தம்பதி என்பதால் கீழ்த்தளத்தில் தனி கேபின் கிடைத்தது. ஜன்னல் கிடையாது, எந்நேரமும் இஞ்சின் சத்தம், ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டும். சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போகக்கூட இடமில்லை. அதனாலேயே சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். ராஜா மாதிரி இருந்தான் அவன் அந்தப் பொந்துக்குள்.

அதில் மண்ணை வாரிப் போட்டவர்தான் ஜன்னல் சார்.

ஜன்னல் சார் வருஷா வருஷம் வருகிறவர். எப்போதும் வெள்ளைக் கோட்டு, மெழுகு போட்டது மாதிரி தலை. சாப்பாட்டுக் கூடத்தில் நடு ஜன்னலோரம் உள்ள மேஜைதான் அவருக்கு வேண்டும். வேறு எங்கே உட்கார்ந்தாலும் சாப்பாடு இறங்காது. சரி, கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாரோ என்றால் அதுதான் இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்து உட்காருவார். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் போதும், சூப் ஆறிப்போனாலும் பரவாயில்லை.

போன வருஷம் ஒருநாள் மதியம் சக்கர நாற்காலியில் ஒரு வயதான பயணி வந்தார். அந்த நாற்காலி நுழைகிற அளவுக்கு இடமிருந்தது நடு ஜன்னல் மேஜையில் மட்டும்தான். மனைவி அவரை அங்கே உட்கார வைத்துவிட்டாள். ஜன்னல் சார் வந்தார், நின்றார், "என் இடத்துல யாரு?" என்றார். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், மறைப்பானேன். "சார், நீங்க எப்பவும் ஜன்னலுக்கு முதுகைத்தானே காட்டி உக்காருவீங்க, இன்னைக்கு ஒருநாள் சுவருக்குக் காட்டுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். சுற்றியிருந்த நாலைந்து மேஜை கொல்லென்று சிரித்தது.

சிரித்ததுதான் வினை. அன்று சாயங்காலமே அவர் ஆபீசில் போய் உட்கார்ந்துவிட்டார். பழைய பயணி, பெரிய இடம். அடுத்த துறைமுகத்தில் அவளை இறக்கி, கம்பெனியின் வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கப்பல் போகிற திசை வேறு, அவளுக்கு லீவு வருகிற மாதம் வேறு. ஒரே ஒரு தடவை இரண்டு கப்பலும் ஒரே துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவனுக்கு டூட்டி, அவளுக்கும் டூட்டி. அவள் அந்தத் தளத்திலிருந்து கை காட்டினாள், இவன் இந்தத் தளத்திலிருந்து நீலத் துண்டை வீசிக் காட்டினான். ஒரு பயணி, "ஏப்பா, யாருக்கு டாட்டா காட்டிட்டு நிக்கிற? எனக்குத் துண்டு குடு" என்றார். அவ்வளவுதான் ஒரு வருஷத்துக் குடித்தனம். தனி கேபினும் போயிற்று. இப்போது இவனுக்கு அடுப்படி ஆள் ஒருவனோடு ஒரே கேபினில் படுக்கை. அவன் விடுகிற குறட்டையில் இஞ்சின் சத்தமே கேட்காது.

இந்த வருஷமும் ஜன்னல் சார் வந்தார். பார்த்ததுமே இவனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று செய்தான். அவள் வேண்டும் அவனுக்கு. அதற்காக யார் காலில் வேண்டுமானாலும் விழலாம் என்று முடிவு கட்டி, நன்றாக உலர்ந்த, சூடு மாறாத துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவர் நாற்காலிக்கே போனான்.

"சார், போன வருஷம் டைனிங்ல ஒரு பொண்ணு உங்ககிட்ட கொஞ்சம் துடுக்கா பேசிட்டா. அவ என் வீட்டுக்காரி சார். தப்புதான். நீங்க ஒரு வார்த்தை ஆபீஸ்ல சொன்னீங்கன்னா திரும்ப இங்கயே மாத்திடுவாங்க."

ஜன்னல் சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே யோசித்தார்.

"எந்தப் பொண்ணு?"

"ஜன்னல் மேஜைய இன்னொருத்தருக்குக் குடுத்ததுக்கு நீங்க கம்ப்ளெயின்ட்..."

"எனக்கு ஞாபகமே இல்லையேப்பா. எத்தனையோ சொல்லியிருப்பேன். ஆமா, இந்தத் துண்டு லேசா ஈரமா இருக்குற மாதிரி இல்ல? வேற கொண்டா."

அடப்பாவி! பழிவாங்கினேன் என்று சொல்லியிருந்தால்கூட இவன் மனசு ஆறியிருக்கும். ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு அது ஞாபகத்தில்கூட இல்லையாம். துண்டின் ஈரம் மட்டும் தெரிகிறதாம். கவுண்டருக்குத் திரும்பி வந்து அந்தத் துண்டைக் கூடையில் எறிந்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இந்த ஆளின் மூஞ்சி நாலு பேர் முன்னால் தொங்க வேண்டும்.

முதலில் சில்லறைத்தனமாகத்தான் ஆரம்பித்தான். துண்டு போட்டுவிட்டு அரைமணிக்கு மேல் ஆள் வராவிட்டால் எடுத்துவிடலாம் என்று கப்பலில் விதி உண்டு, யாரும் கடைப்பிடிப்பதில்லை. இவன் ஜன்னல் சாருடைய துண்டை மட்டும் குறிபார்த்து எடுத்தான். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் இவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். துண்டு திரும்பவும் நாற்காலிக்கே போனது. இவனுக்கு மூக்குடைந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் உள்ளறை அம்மா நினைவுக்கு வந்தாள்.

ஜன்னலே இல்லாத மலிவு கேபினில் தனியாக வருகிற விதவை அவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், இவனிடம் மட்டும் பேசுவாள். கப்பலில் கடைசிக்கு முந்தின நாள் பழைய பயணிகள் கூட்டம் நடக்கும். கூடத்துக்கு வந்திருப்பவர்களில் அதிகத் தடவை பயணம் செய்தவரைக் கேப்டன் மேடைக்கு அழைப்பார். அந்த முதல் பயணி கேப்டனிடம் ஏதாவது ஒன்று கேட்கலாம். ஜன்னல் சார்தான் வருஷா வருஷம் மேடை ஏறுகிறவர். கப்பல் ஹாரனைத் தன் கையால் அடிக்க வேண்டும் என்றுதான் வருஷா வருஷம் கேட்பார். அதனால் வேலைக்காரர்களுக்கெல்லாம் அது ஹாரன் கூட்டம். ஆனால் துண்டுக்காக நீட்டுகிற அட்டையில் உள்ள பயணக் கணக்குப்படி முதல் பயணி அவர் இல்லை. இந்த அம்மாதான். அவள் ஒரு தடவைகூடக் கூட்டத்துக்குப் போனதில்லை.

"எல்லாரும் அங்க போயிடுவாங்க. அன்னைக்கு ஒருநாள்தான்பா இங்க குளத்துப் பக்கம் நாற்காலி காலியா கிடக்கும்" என்று முன்பு ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

துண்டுக்காரன் அவளிடம் போய் நின்றான். "அம்மா, இந்த வருஷம் நீங்க கூட்டத்துக்குப் போகணும்."

"எதுக்குப்பா எனக்கு அந்தத் தலைவலி?"

"நீங்க போனா அந்த ஜன்னல் சார் மேடை ஏற முடியாது. நீங்கதான் ஏறுவீங்க. ஏறி, ஹாரன் அடிக்கணும்னு கேளுங்க. அவருக்கு உசுரே அந்த ஹாரன்தான். அதை நீங்க அடிக்கிறதை அவர் கேக்கணும்."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு இதுல என்ன ஆகணும்?"

"அவர் மூஞ்சி தொங்கணும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற ஏதாவது வேணும்னா..."

"வேற ஒண்ணும் வேணாம்மா. அவர் மூஞ்சி தொங்குனா போதும், என் வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும்."

அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் திரும்பத் திறந்து, விட்ட பக்கத்தைத் தேடினாள். பிறகு சரி என்றாள்.

கூட்டத்தன்று ஜூஸ் தட்டு ஏந்த ஆள் போதாமல் இவனையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் எப்படியாவது நுழைந்திருப்பான். ஜன்னல் சார் முதல் வரிசையில், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். கேப்டன் மைக்கைப் பிடித்து, "நம்ம கப்பலோட முதல் பயணி..." என்று ஆரம்பித்ததுமே எழுந்துவிட்டார். எழுந்தவர் சும்மா நின்றிருக்கலாம். நடக்கவே ஆரம்பித்துவிட்டார். மேடைப் படியில் ஒரு காலை வைத்தபோது கேப்டன் உள்ளறை அம்மாவின் பெயரைச் சொன்னார்.

கடைசி வரிசையிலிருந்து, சாயம் போன சட்டையும் ரப்பர் செருப்புமாக, அவள் மெதுவாக வந்தாள். படியில் நின்ற மனிதரைப் பார்த்து, "கொஞ்சம் நகருங்க சார், வழி வேணும்" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மாடி, என்ன சிரிப்பு! போன வருஷம் நாலைந்து மேஜை சிரித்ததற்கே ஆபீசுக்கு ஓடியவர், இப்போது கப்பலே சிரிக்கும்போது யாரிடம் போய்ச் சொல்வார்? முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிற்று. நாற்காலி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறினார். துண்டுக்காரன் நேராக அவரிடம் போய்த் தட்டை நீட்டி, சம்பளத்தில் சேராத ஒரு சிரிப்புச் சிரித்து, "ஜூஸ் சார்?" என்றான்.

மேடையில் கேப்டன் கேட்டார், அம்மா சொன்னாள், அவளை மேலே அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்தது. ஜன்னல் அதிர, தட்டில் கிளாஸ் அதிர, நீளமாக அடித்தது. ஜன்னல் சார் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுக்காரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வருஷத்து வயிற்றெரிச்சல் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிப்போனது.

சாயங்கால டீ நேரத்தில் மனைவிக்கு வீடியோ கால் போட்டான். கீழ்த்தளத்து வராந்தாவில், சலவைக் கூடைகளுக்கு நடுவில் நின்று மூச்சுவிடாமல் சொன்னான். அவளுக்கும் தாங்க முடியாத சந்தோஷம்.

"படியில கால வச்சிட்டாரா! ஐயோ, அதை மறுபடி சொல்லு. மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

நடித்தே காட்டினான். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நல்லா வேணும் அந்தாளுக்கு. நல்லா வேணும். அப்புறம் அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"ஹாரன்தான். நான்தான் கேக்கச் சொன்னேன்."

"கேப்டன் என்ன சொன்னாரு?"

"அவர் எப்பவும் சொல்றதுதான். என்ன வேணும்னாலும் கேளுங்க, என் கையில இருக்கிறதைச் செய்றேன்னாரு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று அவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"என்ன வேணும்னாலுமா?" என்றாள் அவள்.

"ஆமா..."

"எங்க கப்பல்ல போன தடவை ஒரு பெரியவர் இதே மாதிரி மேடையில ஏறிக் கேட்டாருன்னு, சலவைக்காரனையும் அவன் பொண்டாட்டியையும் ஒரே கப்பல்ல போட்டாங்க. அத்தனை பேர் முன்னால கேட்டா கேப்டன் மாட்டேன்னா சொல்லுவாரு? அந்தம்மா நீ சொன்னதைக் கேட்டிருப்பாங்க இல்ல? நீ எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாங்க இல்ல?"

உனக்கு என்ன ஆகணும் என்று அந்த அம்மா கேட்டதும், அவ்வளவுதானா என்று திரும்பக் கேட்டதும், நல்லா யோசிச்சுச் சொல்லு என்றதும் வரிசையாக அவன் கண்முன் வந்து நின்றன.

"எனக்கு... அது தோணவே இல்லடி."

"அந்தாளுக்கு என்னை ஞாபகமே இல்லைன்னுதானே உனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு?"

"ஆமா."

"உனக்கு இருந்துச்சா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். திரும்பப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.