தினமும் சொல்லும் வார்த்தைக்குச் சிறை

என் தம்பியைச் சிறைக்கு அனுப்பியது நீங்கள்தான். மீன்காரர் இல்லை, வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டும் இல்லை. கோர்ட்டில் தமிழை ஆங்கிலத்தில் சொல்லும் உத்தியோகத்தில் இருந்த நீங்கள்.

தம்பி சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தேங்காய் விற்றான். பக்கத்துக் கடை மீன்காரருடையது. அவர் கழுவி ஊற்றும் தண்ணீர் தம்பியின் சாக்குகளை நனைக்கும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, கூட்டம் நிற்கும்போதே தம்பி கத்தினான்.

"இன்னொரு வாட்டி தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சு, கொன்னுடுவேன்டா!"

கையில் கத்தி இருந்தது. தேங்காய்க்காரன் கையில் வேறென்ன இருக்கும்?

"வா மச்சான், ஐஸ்கட்டி மேல படுத்துக்கிறேன், வெட்டு" என்றார் மீன்காரர். தம்பி நனைந்த சாக்கை அவருடைய மீன் மேல் வீசினான். கூட்டம் சிரித்தது. அந்த ரோஷத்தில்தான் அவர் போலீசுக்குப் போனார்.

கோர்ட்டில் நான் பின் பெஞ்சில் இருந்தேன். ராணுவ முகாம் கேன்டீனில் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். ஆங்கிலத்தைக் காதால் கேட்டே பழகியவள். தம்பி சொன்னதை நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதில் தப்பில்லை. பிறகு மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைக் கேட்டார்: உங்கள் மக்கள் இதைச் சாதாரணமாகச் சொல்வதுண்டா?

அது நிஜ மிரட்டல்தானா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. நீங்கள் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னீர்கள்: இல்லை ஐயா, மரியாதையானவர்கள் அப்படிப் பேசுவதில்லை.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அன்று காலையில்கூட உங்கள் குரல் கேட்டது.

"சட்டையில மையக் கொட்டிக்கிட்டு வந்தே, கொன்னுடுவேன்!"

"அவன் முதல்ல பள்ளிக்கூடம் போகட்டுங்க" என்றார் உங்கள் மனைவி.

பிள்ளை சாப்பிடாவிட்டால் கொன்னுடுவேன், மழையில் நனைந்தால் கொன்னுடுவேன். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையில் கொலை மிச்சமே இல்லை. வெள்ளைக்காரர் அதை அபூர்வமாகச் சொல்கிறார்கள். அதனால் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு முழங்கை பட்டாலே சாரி. என் அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்காக அவரைக் கல்நெஞ்சர் என்பீர்களா?

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இது ஒன்றுபோல் இல்லை. கேன்டீனில் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கூட்டாளியின் தோளில் கைபோட்டு 'பாஸ்டர்ட்', அதாவது அப்பன் பேர் தெரியாதவன், என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தன் இங்கிலாந்துக்காரக் கார்ப்பரலையும் அப்படிக் கூப்பிட்டுவிட்டான். கார்ப்பரல் நாற்காலியைத் தூக்கிவிட்டான். அதிகாரி வந்தார். "அவங்க ஊர்ல அது தினப்பேச்சு, உட்காரு" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அத்தோடு முடிந்தது. சிப்பாய்க்காகச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். என் தம்பிக்காகச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்.

அன்று கோர்ட்டில் நான் எழுந்து நின்று "பொய்" என்று கத்தினேன். வெளியே தள்ளினார்கள். தம்பிக்குச் சிறை. கடை லைசென்சும் போனது.

மீன்காரர் வீட்டுக்கு வந்து அழுதார். "ஒரு அதட்டு அதட்டி விட்டுருவாங்கன்னு நெனச்சேன்கா. இப்படி ஆகும்னு தெரியாதுக்கா."

"தண்ணியை அந்தப் பக்கம் ஊத்த உனக்குக் கை இல்லையா? போடா" என்றேன்.

தம்பி வெளியே வந்து லைசென்சுக்கு மறுபடி கேட்டான். மிரட்டல் வழக்கில் தண்டனை வாங்கியவனுக்குக் கிடையாது என்றார்கள். உங்கள் வாசலில் வந்து நின்றேன். கோர்ட்டில் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் முன்னால நம்ம மானத்தை வாங்கச் சொல்றியா? படிக்காதவளுக்கு இதெல்லாம் புரியாது, போம்மா."

எனக்கு நன்றாகவே புரிந்தது. உங்கள் மானத்துக்காக என் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். இனி யாருக்குப் பயம்?

இப்போது நீங்கள் தமிழர் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் முன்வரிசையில் இருப்பேன். தம்பியையும் கூட்டி வருவேன். நம் வீடுகளில் அந்த வார்த்தை சாதாரணமா இல்லையா? மைக்கைப் பிடித்து, தமிழில், எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.