ஒரு துளி இரத்தம் போதும்

1. அழைப்பு

பரமேஸ் அண்ணை நமீபியாவிலிருந்து அழைத்தபோது, சிட்னியின் டூங்கபியில் எங்கள் டிராவல் ஏஜென்சியின் ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன். அங்கே நடுச்சாமம். காசு அவரை உறங்கவிடவில்லை.

“ஐசே, அது ஓடிட்டுது. ஓடினதுக்கு நான் ஏன் காசு கட்டவேணும்?”

ஓடியது ஓர் ஓரிக்ஸ் மான். அண்ணை சிட்னியில் வீடு விற்பவர். எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். அறுபதாவது பிறந்தநாளுக்குக் கோயில் அர்ச்சனை போதாதென்று வில்லோடு ஆப்பிரிக்கா போயிருந்தார்.

2. விதிகள்

அவருக்குப் பெர்மிட் எடுத்தவன் நான். வில் வேட்டையில் பெர்மிட் மலிவு, மிருகம்தான் விலை. துப்பாக்கியைக் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும், வில்லுக்கு வேண்டாம். குறுக்குவில் கூடவே கூடாது. அம்பின் விசையை மிருகத்தின் பருமனுக்கேற்ப வகுத்திருக்கிறார்கள்; முயலுக்குப் போதுமான வில் ஓரிக்ஸுக்குப் போதாது. ஆர்ச்சரி கிளப்பில் சோதித்தபோது அண்ணையின் வில் தேறியது, அண்ணைக்குத்தான் மூச்சு வாங்கியது.

வேட்டை நடக்கும் பண்ணையின் ஒப்பந்தத்தில் இன்னொரு வரி உண்டு. காயம்பட்டுத் தப்பிய மிருகமும் வேட்டையாடப்பட்டதே. மண்ணில் ஒரு துளி இரத்தம் கண்டாலும் மிருகத்தின் விலையான ட்ரோஃபி ஃபீஸை முழுதாகக் கட்டவேண்டும். புறப்படுமுன் வாசித்துக் காட்டினேன். தான் எய்தால் அது ஏன் ஓடப்போகிறது என்று சிரித்தார்.

3. கடிதம்

முதலாளி நிர்மலா மேடம் மதுரைக்காரர். குரலை உயர்த்தாமலே வெட்டுவார்.

“அவர் போனா பாதி பிசினஸ் போயிடும். அந்த ஃபீஸத் தள்ளுபடி வாங்கிக் குடுங்க. இல்லன்னா உங்கள வெச்சுக்க முடியாதுங்க.”

எனக்கு இருப்பது தற்காலிக விசா. புகலிட விசா மறுப்பை எதிர்த்து வாதாடுகிற லோயரின் ஃபீஸ் இந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முள் கீறியும் இரத்தம் வரும்தானே, அப்படி எழுதும் என்றார் அண்ணை. பண்ணைக்கு எழுதினேன்: “இரத்தம் வேறு காரணங்களாலும் வந்திருக்கலாம்.” விரல்கள் தடுமாறவேயில்லை. நான் படகில் வந்தவன். சித்திரவதையில் வந்த என் முதுகுத் தழும்புகளைப் பற்றி என் விசா மறுப்புக் கடிதத்தில் இருப்பதும் இதே வரிதான். இரத்தம் என்ற இடத்தில் தழும்பு.

பிற்பகலில் பண்ணையிலிருந்து பதில் வந்தது. ஒற்றை வரி: “எங்களுக்கு இரத்தம் போதும்.”

எழுந்து வாசலுக்குப் போனேன். ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்தது, நின்றது, போனது. எங்கோ ஒரு மண்ணில் ஒரு துளி போதுமாம். அதை உடம்பு நம்புவதற்குள் அடுத்த ரயிலும் போய்விட்டது.

4. ரசீது

பிறகு அண்ணையை அழைத்தேன்.

“அண்ணை, காசு கட்டாட்டி நீங்கள் ஒண்டையும் வேட்டையாடேல்லை எண்டு ஆகிடும். கட்டினா, கணக்கில அது விழுந்த மாதிரி.”



“ரசீதில ஓரிக்ஸ் எண்டு போடுவினமோ?”

“ஓம் அண்ணை.”

“என்ர பேரும்?”

“உங்கட பேரும்.”

“அப்ப விடும். கட்டுறன்.”

அண்ணை வீட்டில் மான் தலைக்கென்று ஒதுக்கிய சுவரில் இப்போது அந்த ரசீது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கொம்பு எங்கே என்று கேட்பவர்களிடம் சிட்னி ஏர்போர்ட் குவாரன்டீனில் உள்ளே விடவில்லை என்கிறார். என் வேலை தப்பியது. மேடம் இப்போது எல்லா வேட்டைக்காரர்களுக்கும் அந்த இரத்த வரியைத் தாமே வாசித்துக் காட்டுகிறார்.

பண்ணையின் பதிலை என் அப்பீலோடு இணைக்கலாமா என்று லோயரிடம் கேட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இணைக்க முடியாது என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. கட்டணத்தைக் கடைசியில் பாருங்கள். எதைச் சான்றாக ஏற்பார்கள் என்பதை முதலில் படியுங்கள். அந்த ஓரிக்ஸ் இன்னும் உயிரோடு இருந்தால், அதன் காயம் அம்பால் ஆனதுதான் என்று எழுத்தில் இருக்கிறது. என் முதுகுக்கும் அப்படியொரு காகிதத்துக்காகத்தான் நான் இன்னும் காத்திருக்கிறேன்.