வெறும் வயிறும் ஒரு கப் மாவும்

சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மாவு, சாப்பாட்டில் சேராது என்று மனதார நம்பியவன் நான். இந்த அறிவோடுதான் ஐம்பது வயதைத் தொட்டிருந்தேன். நம்பிக்கை உடைந்தது சென்ற ஆண்டு கந்தசஷ்டி முடிந்த வாரம், இலங்கை மலையகத்தின் ஹட்டனில்.

அதற்கு முந்தைய வருடம் என் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எழவில்லை. பயந்துபோய் நான் சோதித்துப் பார்த்ததில், இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டொக்டர் மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொன்னார். இரவுச் சோற்றை விட்டுவிட்டு மாவைக் கரைத்துக் குடித்தேன். சில மாதங்களில் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. அந்தப் பெருமையோடு மறுபடி சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனேன்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு விரதத்தில் சோறுதான் ஆகாது. பாலும் பழமும் தாராளம். இரத்தம் சோதிக்கும் லெப்பும் முருகனும் ஒரே சட்டம்தான் வைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விடியற்காலையில் ஒரு பெரிய கப் பாலில் மாவைக் கரைத்து, இரண்டு வாழைப்பழம் பிசைந்து, சீனியும் போட்டுக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். லெப்பில் இருந்த பிள்ளை, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோது கொஞ்சமும் கூசாமல், "இல்லம்மா" என்றேன்.

மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ட்ரைகிளிசரைட் என்கிற கொழுப்பு, நான் மாவையே தொடாத காலத்தில் இருந்ததைவிட எகிறியிருந்தது. அளவு மீறியதென்று பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு. வீட்டுக்கு ஏறும் மேட்டில் வேலியைப் பிடித்துப் பிடித்துப் பல்லி மாதிரி நகர்ந்தேன். வீட்டில் இருந்த மனைவியின் தம்பியிடம் என் புது ஜேர்கினைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நீயே போட்டுக்க மச்சான். எனக்கு இனிமே குளிராது."

அவன் உடனே போட்டுப் பார்த்தான். "கை மட்டும் கொஞ்சம் நீளம் மச்சான்."

மனைவி சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "ஒங்க அண்ணன மாதிரி என்னய விட்டுட்டுப் போயிறாதீங்க" என்றாள்.

மறுநாள் அவளும் கூட வந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், "இரத்தம் குடுக்க முந்தி ஏதும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ஒன்னுமே இல்லீங்க. மாவு மட்டுந்தான் குடிச்சேன்."

"பாலுல கரைச்சு. ரெண்டு வாழப்பழம். சீனியும்" என்று மனைவி காட்டிக்கொடுத்தாள்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுவும் சாப்பாடுதாங்க. சாமி கணக்குல விட்டுருவாரு, மெஷின் விடாது. அடுத்த தடவ தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாங்க."

அடுத்த வாரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு இரத்தம் கொடுத்தேன்; அந்தக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. மாவு டின்னில் மந்திரம் ஒன்றும் இல்லை, உடம்பு குறைந்த பலன் என்றார் டொக்டர். கெட்ட கொலஸ்ட்ரோல் கொஞ்சம்தான் அசைந்திருந்தது; மாத்திரை தொடர்கிறது. ஜேர்கின் இன்னும் மச்சானிடம்தான் இருக்கிறது.

என் அண்ணன் ஒருமுறைகூட இரத்தம் கொடுத்துப் பார்த்தவரில்லை என்பது இப்போதும் என்னை உறுத்துகிறது. எனக்கு அன்றைக்கு நோய் முற்றவில்லை. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரத்தம் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.