அம்மா இழுத்த வயர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு கறுப்பு வயர் ஓடியது. அலமாரியிலிருந்த ஸ்டீரியோ செட்டின் பின்னாலிருந்து கிளம்பி, வாசல் நிலைக்கு மேலே ஏறி, சாமி படங்களின் தலைக்கு மேலாகப் போய், எதிர்மூலையில் நின்ற ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் இறங்கும். வயர் தொங்காமலிருக்க அம்மா சாணுக்கு ஓர் ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் துண்டின் கரையைக் கிழித்த வெள்ளை நாடாவால் கட்டியிருந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர் அந்த வயரையும் சேர்த்து அடித்துவிட்டுப் போவார். அம்மா ஈரத்துணியால் அதை மறுபடி கறுப்பாக்குவாள். வீட்டுக்கு வருகிறவர்களின் கண் முதலில் அதன் மேல்தான் போகும். எனக்கு விவரம் தெரிந்த பிறகு அந்த வயர் என்னைக் கூச வைத்தது.

அம்மா விசைத்தறி ஓட்டினாள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஓட்டுவதற்கு நான்கு தறிகளும் வளர்ப்பதற்கு நானும் இருந்தோம். அந்த ஸ்டீரியோ தறிக்கூடத்து முதலாளி வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை வாசலில் எடுத்து வைத்து, வேண்டுமென்றால் எடுத்துப் போ என்றிருக்கிறார்கள். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு செட், என் இடுப்புயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். அம்மா மூன்று நடையாகத் தலையில் சுமந்து வந்தாள்.

கூட வந்த வயர் ஒரு பெட்டிக்குத்தான் எட்டியது. இன்னொரு துண்டு வயரை எங்கிருந்தோ கொண்டுவந்து அம்மாவே ஒட்டுப் போட்டாள். தறியில் அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிற கை அது. வயரையும் அப்படியே, ரப்பர் உறையோடு, இழுத்தால் அவிழாதபடி முடிந்துவிட்டாள். ஒரு பெட்டி பாடியது, இன்னொன்று வாய் திறக்கவில்லை. முடிச்சு இளகிவிட்டதோ என்று இரண்டு நாள் அதை இறுக்கிக்கொண்டே இருந்தாள். தெருவில் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, இது நூலுன்னு நெனச்சுட்டியளா? தோல உரிச்சுட்டுல்லா முடியணும்.” அம்மாவும் சிரித்தாள். அவர் கத்தி எடுப்பதற்குள் வயரின் உறையைப் பல்லால் கடித்து உரித்திருந்தாள்.

தறிக்கூடத்தில் யாரும் குரலால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. உதட்டை அசைப்பார்கள், விரலைக் காட்டுவார்கள். நாலு தறிக்கு அப்பால் நிற்பவரிடம் கூலியும் கல்யாணமும் கருமாதியும் அப்படியே பேசி முடித்துவிடுவார்கள். பள்ளி விட்டு நான் அங்கே போனால் எனக்கு நெஞ்சுக்கூடு அதிரும். அம்மா மாலையில் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் செட்டைத்தான் போடுவாள். பெரிய திருகைத் திருப்பினால் சத்தம், சின்னதைத் திருப்பினால் ரேடியோ நிலையம். அதிலிருந்த எழுத்து எதையும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பாட்டு வரும் இடம் எத்தனை சுற்றில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். எதிர்மூலைப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்காருவாள். “காதுக்குள்ள ஓடுத தறி இப்பதாம்ட்டி நிக்குது” என்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பாடம் எழுதுவேன், அவளிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மின்னணுவியல் படித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது. இரண்டாவது வருடம், அலுவலகத் தோழிகள் மூன்று பேர் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அன்றிரவு படுக்கையில் என் நினைவுக்கு வந்தது வீட்டில் தனிக் குளியலறை இல்லாததல்ல, அந்த வயர்தான்.

பழைய ஸ்பீக்கருக்குத் தானாகப் பாடத் தெரியாது. பின்னாலிருந்து ஒன்று அதற்குச் சக்தி கொடுக்க வேண்டும். அதுவரை அந்த வேலையைச் செய்தது செட். நான் கையகல புளூடூத் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு வாங்கிப் போனேன். பெட்டிக்கு ஒன்றாக முதுகில் பொருத்தி, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று ஜோடி சேர்த்தேன். மின்சாரத்துக்கான வயரைப் பீரோவுக்குப் பின்னால் மறைத்தேன். பிறகு ஆணிகளைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, சுவரின் ஓட்டைகளை வெள்ளை சிமென்டால் அடைத்தேன். செட்டைத் தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டேன். அவர் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். அம்மா குடத்தைத் தட்டிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்றாள்.

என் கைபேசியிலிருந்து பாட்டு வந்தபோது அம்மா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். “வயரு இல்லாம எப்படிட்டி வருது?” என்றாள். ரேடியோ மாதிரிதான், காற்றில் வருகிறது என்றேன். அன்று மாலைக்குள் தெருவில் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்து காட்டிவிட்டாள். தோழிகளும் வந்தார்கள். பழைய மரப்பெட்டி, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, சுத்தமான சுவர் என்று ஒருத்தி படமெடுத்துக்கொண்டாள். நான் அடக்கமாக இருப்பதுபோல் நின்றேன்.

சென்னைக்குக் கிளம்பும்போது என் பழைய தொடுதிரைக் கைபேசியில் அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தேன். பேசுவதற்கு அவளிடம் பொத்தான் போன் இருந்தது, இது பாட்டுக்கு மட்டும். எதைத் தொட வேண்டும் என்று மூன்று முறை காட்டினேன். என் விரலால்தான் காட்டினேன். அம்மா தலையாட்டினாள். பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் பாட்டுக் கேட்கிறாயா என்று கேட்பேன். “நல்லாப் பாடுது மக்கா” என்பாள். ஊருக்குப் போகும்போது என் கைபேசியிலிருந்து நானே பாட்டுப் போடுவேன். அம்மா பெட்டியில் சாய்ந்து உட்காருவாள். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. போனில் மட்டும் பதில்கள் கொஞ்சங்கொஞ்சமாகத் தடம் மாறின. சாப்பிட்டாயா என்றால் மழை இல்லை என்பாள். காய்ச்சல் எப்படி என்றால் நல்லாப் பாடுது என்பாள். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். நேரில் போனால் என் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவாள். அதனால் அவள் காது எவ்வளவு போய்விட்டது என்று நேரிலும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ஆடித்தபசு கழிந்தது. ஒருமுறை ஆதார் அட்டை தேடிப் பீரோவைத் திறந்தபோது, அந்தப் பழைய கைபேசி புதுத் துண்டு ஒன்றில் சுற்றி, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சார்ஜ் ஏற்றித் திறந்தேன். கடைசியாகப் பாடியது என்று அது காட்டிய பாட்டு, அம்மாவுக்குக் காட்டிக் கொடுப்பதற்காக நான் போட்டது. தேதியும் நான் கிளம்பிய அதே நாள்.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அடுத்த வீட்டு அத்தையிடம் கேட்டேன். அவள் முதலில் பேச்சை மாற்றினாள். பிறகு சொன்னாள்.

“அவ விரலுக்கு அது எங்க கேக்குது? ரேஷன் கடையிலயே ரேகை விழல, அட்டையத் திருப்பித் திருப்பிக் கொடுக்கான். ஒரு வாரம் அத வச்சுத் தடவிட்டே இருந்தா. நான் போட்டுத் தாரேன் மதினின்னேன், வேண்டாம்னுட்டா.”

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எம்மவ படிச்சுச் செஞ்சது, எனக்கு இயக்கத் தெரியலன்னா அவ மொகம் வாடிப்போகும்னா. நீ அவகிட்ட என்னத்தையும் கேட்டுக்கிடாத ஏட்டி. அவளுக்கு உன்னச் சொல்லிச் சொல்லித்தான் பொழுது போகுது.”

இருபத்தைந்து வருடம் நூல் ஓடிய விரல் நுனி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. என் தலையை வாரியது அந்த விரல்தான். கூழாங்கல்போல் வழுவழுப்பாக, கோடே இல்லாமல், எப்போதும் வறண்டிருக்கும். வறண்டு தேய்ந்த விரலை அந்தத் திரை எளிதில் உணராது; அது எப்படி வேலை செய்கிறது என்று நான் தேர்வு எழுதியிருக்கிறேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அம்மாவின் விரலை அதன் மேல் ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

திருநெல்வேலியில் காது மருத்துவரிடம் கூட்டிப் போனேன். தறிச் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, இந்த இரண்டு மூன்று வருடத்தில் மிச்சமும் போய்விட்டது என்றார். கருவி வைத்தால் சத்தம் தெரியும், பாட்டாகத் தெரியாது என்றார். வைத்துப் பார்த்தோம். அம்மா அரை நாள் பொறுத்துக்கொண்டாள். பிறகு கழற்றி என் கையில் வைத்து, “தறிக்கூடத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குட்டி” என்றாள். பேருந்தில் திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். என் உதட்டைப் பார்க்காதவளிடம் சொல்ல வழியில்லை. எழுதிக் காட்டினால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் படித்த அத்தனை எழுத்தும் என் மடியில் சும்மா கிடந்தது.

என்னைப் பெரிதாகக் குடைவது அந்த இரண்டு வருடக் கணக்குதான். அவளுக்குக் காது கொஞ்சமாவது இருந்த கடைசி இரண்டு வருடம் அது. காது போவதைப் பெட்டியோ வயரோ தடுத்திருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் போவதற்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம் அவளுக்குச் சேர வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் வேலை முடிந்து வந்து, பாடாத பெட்டியில் முதுகைச் சாய்த்து, காதுக்குள் தறியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதைச் சொன்னால் என் முகம் வாடும் என்று நினைத்திருக்கிறாள்.

போன மாதம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ பழுது பார்க்கிற அண்ணாச்சி கடையில் சொல்லி வைத்து, திருகு வைத்த பழைய செட் ஒன்று வாங்கினேன். இருபது மீட்டர் வயரும் கேட்டேன். “ஊரே வயரக் கழட்டுது, நீ மாட்டப் போறியாக்கும்” என்று சிரித்துக்கொண்டே அளந்து கொடுத்தார். சுவரில் மறுபடி ஆணி அடித்தேன். உறையைப் பல்லால் உரிக்க வரவில்லை, கத்திரிக்கோல்தான் எடுத்தேன். நாடாவுக்குத் துண்டுக்கரையை அம்மாதான் கிழித்துக் கொடுத்தாள். ஒரு கட்டு தொய்வாக இருந்ததை மட்டும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

செட்டுக்கு முன்னால் அவளை உட்கார வைத்தேன். திருகின் மேல் அவள் கையை வைத்தேன். அவள் திருப்பினாள். பெட்டிகள் இரண்டும் கரகரத்துவிட்டு ஒரு பழைய பாட்டைப் பிடித்துக்கொண்டன. அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, பாட்டு வந்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்த்தாள். வந்துவிட்டது என்று தலையாட்டினேன். இன்ன பாட்டு என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். நான் அழுகிறேன் என்பது அவள் என் கன்னத்தைத் துடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் எழுந்து, எதிர்மூலைப் பெட்டிக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், அதில் சாய்ந்து உட்காரச் சொன்னாள்.

“நீ கேளு மக்கா. எனக்குத்தான் அது தெரிஞ்ச பாட்டுல்லா” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.