அக்காவின் புடவையைப் பற்றி ஒரு ஜோக்

இந்த ஊரில் ஒருவர் காலை நாம் மிதித்துவிட்டாலும் அவர்தான் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார். லீட்ஸுக்கு வந்த புதிதில் பேருந்தில் ஒரு பெரியவரின் காலை நன்றாகவே மிதித்துவிட்டேன். அவர் ‘சாரி’ என்றார். நானும் ‘சாரி’ என்றேன். அவர் மறுபடியும் ‘சாரி’ என்றார். இறங்கும்வரை இரண்டு பேரும் மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டு வந்தோம். இவ்வளவு கூச்சப்படும் மனிதர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பப்பின் மாடியறைக்கு வருகிறார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து, தங்கள் வழுக்கையையும் தொப்பையையும் முறிந்துபோன கல்யாணத்தையும் மைக் பிடித்தவன் கிழித்துத் தொங்கவிடும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போகும்போது அவனுக்கே கை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். காஞ்சிபுரத்தில் இது தலைகீழ். தெருவில் யாரும் யாரையும் ‘இன்னாபா, இப்படி ஊதிட்ட’ என்று கேட்கலாம், கோபம் வராது. ஆனால் மைக்கில் ஒரு பெயர் ஒலித்துவிட்டால் விஷயமே வேறு. கோயில் அறிவிப்புக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் காதுகுத்துக்கும் உள்ள பொருள் அது. அதில் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது என்று கணக்கு. இந்த வித்தியாசத்தை நான் அறிவேன். அறிந்திருந்தும் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வார நாட்களில் எனக்குப் பேருந்துக் கம்பெனியில் கால அட்டவணை போடும் வேலை. ஞாயிறு மதியம் மட்டும் நான் காமெடியன். அந்த மாடியறையை நடத்துகிறவர் கரோல். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி பேசினாலும் மணி அடித்துவிடுவார். என்னோடு மேடையேறுகிறவர்களில் நெருங்கிய நண்பன் ஆதில். பக்கத்து ஊரான பிராட்ஃபர்டில் பிறந்து வளர்ந்தவன். நிகழ்ச்சி முடிந்ததும் கீழே இறங்கி, ஒரு தட்டு சிப்ஸை நடுவில் வைத்துக்கொண்டு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று மாலைவரை வாதம் செய்வோம். எங்காவது ஒரு காமெடியன்மேல் வழக்குப் போட்டிருப்பார்கள், எங்காவது ஒரு மேடையை உடைத்திருப்பார்கள், எங்காவது ஒருவர் எப்போதோ சொன்ன ஜோக்குக்கு இப்போது மன்னிப்புக் கேட்டிருப்பார். ‘உங்கள் நாட்டில் அரசாங்கத்தைக் கிண்டல் செய்ய முடியுமா? மதத்தை?’ என்று மற்ற காமெடியன்கள் என்னைக் கேட்பார்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கலைஞனுக்குப் பயம் கூடாது என்று பெரிய பேச்சாகப் பேசுவேன். யாருக்கெல்லாம் பயப்படக்கூடாது என்று பட்டியலே போட்டிருக்கிறேன். உன் அக்காவுக்குப் பயப்படுவாயா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆதில் மட்டும் ஒருமுறை ஒன்று சொன்னான். ‘யாரை வேண்டுமானாலும் அடி. ஆனால் முதல் அடி உன்மேல் விழட்டும். அப்புறம் யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள்.’ நான் பலமாகத் தலையாட்டினேன்.

என் ஐந்து நிமிடத்தில் நன்றாக எடுபட்ட ஜோக் இதுதான். ‘நான் பட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன். கல்யாணப் புடவை வாங்கத் தேசமே எங்கள் ஊருக்கு வரும். என் அக்காவுக்கு மட்டும் கிடைத்தது, கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த புடவை. நெய்தவர் எங்கள் அப்பா. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.’ இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். ‘மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ததும் அவர்தான்.’ அறை அதிரும். கரோல் அதைப் படம்பிடித்துத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். நான் பெருமை தாங்காமல் என் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு நல்ல நண்பன் உதவி செய்கிறேன் என்று கீழே தமிழில் எழுத்து ஓடவிட்டு ஊருக்கே அனுப்பினான். இரண்டே நாளில் அது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கும், சின்ன காஞ்சிபுரத்தில் அக்காவின் மாமியார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த ஜோக்கில் சொன்னதெல்லாம் நடந்ததுதான். சொல்லாமல் விட்ட பகுதியை இப்போது சொல்கிறேன். நல்ல காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் வரிக்கு வரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். கோர்வை என்போம். தறிக்கு நடுவில் ஒருவர், வலது கரைப் பக்கம் ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். குறுக்கு நூல் சுற்றிய நாடாவை நடுவிலிருப்பவர் தள்ளிவிட, வலப்பக்கம் இருப்பவர் பிடித்துக் கரை நூலோடு கோப்பார். எங்கள் வீட்டில் அப்பா நடுவில், அம்மா வலப்பக்கம். அம்மா இறந்த பிறகு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு இருபது வயது, கல்லூரியில் கடைசி வருடம். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புவதற்குள் ஒரு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பேசுவது குறைந்துபோயிருந்தது. சிரிப்பது அடியோடு நின்றுபோயிருந்தது.

அது தேர்தல் நேரம். எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற எவரும் ஏதாவது ஒரு வீட்டுத் தறியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாமல் போகமாட்டார். அந்தமுறை வந்த வேட்பாளர் எங்கள் தறிக்குழியில் மாலையோடு இறங்கினார். நாடாவை எடுத்துப் பழைய டெலிபோனைப்போல் காதுப்பக்கம் பிடித்துப் போட்டோகிராஃபரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காலை வெளியே எடுக்க வரவில்லை. நான்கு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். மறுநாள் நெய்துகொண்டிருக்கும்போதே நான் அவரைப்போல நடித்துக்காட்டினேன். நாடாவைக் காதில் வைத்து, ‘ஹலோ, பட்டுப்பூச்சிங்களா? உங்க ஓட்டு எனக்குத்தானே?’ என்றேன். அப்பா சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு கண்ணில் நீர் வந்தது. அவர் கை மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ‘போதும்பா, வயிறு வலிக்குதுபா’ என்றார். உள்ளேயிருந்து அக்கா ஓடிவந்து, அப்பா சிரிப்பதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. என் வாழ்வில் நான் சொன்ன ஜோக்குகளில் அதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

புடவை முடிந்து கடைக்குப் போனபோது, முதலாளி அதை வெளிச்சத்தில் விரித்துத் தூக்கிப் பிடித்தார். வலது கரையை ஒட்டி ஒரு விரற்கடை நீளத்துக்குக் கோர்வை விட்டிருந்தது. உடல் தனியாக, கரை தனியாக, நடுவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. வலது கரை என் பக்கம். எந்த நாளில், எந்த நிமிடத்தில் அது விட்டது என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ‘யார் கை?’ என்று முதலாளி கேட்டார். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘எனக்குத்தான் கண்ணு முன்னமாதிரி இல்லீங்க’ என்றார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதலாளி புடவையைத் தள்ளிவிட்டார். அப்பா அதை மடித்து எடுத்துவந்து, விட்ட இடத்தை ஊசியால் கோத்து, ‘உனக்குன்னே நெய்தேம்மா’ என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறையில் உட்கார்ந்தாள். தான் சொன்னதை மகள் நம்பிவிட்டாள் என்பதுதான் அன்று அப்பாவுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அக்கா என்னைக் கூப்பிட்டபோது நான் வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். மாமாவைப் பற்றிச் சொன்னதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்து, ‘மாமாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்கா’ என்று முந்திக்கொண்டேன்.

‘அவரு ரெண்டு நாளு மொறச்சிக்கினு இருப்பாரு, அப்புறம் சரியாயிடுவாரு. அது கெடக்குது’ என்றாள். ‘அந்தப் பொடவ எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா ஏழுமலை? கல்யாணத்தன்னிக்கு மடிப்பு எடுக்கும்போதே விரல்ல தட்டுச்சுடா. அப்பா ஊசி போட்டு கோத்திருந்தாரு. பன்னெண்டு வருசமா அந்த எடத்த உள்மடிப்புல தள்ளித்தான் கட்டிக்கினு வரேன். எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு ஒரு நிம்மதி. அத நான் காப்பாத்திக்கினு வந்தேன். நீ மைக்ல சொல்லிட்ட.’

விசேஷ நாட்களில் அந்தப் புடவையைக் கட்டும்போதெல்லாம் அக்கா மடிப்பு வைக்க வெகுநேரம் எடுத்துக்கொள்வாள். நாங்கள் வாசலில் நின்று, பெருமாள் புறப்பாடே முடிந்துவிடும், இவள் கிளம்பமாட்டாள் என்று கேலி செய்வோம். அப்பாவும் சேர்ந்து கேலி செய்வார். அவள் உள்ளேயிருந்து ‘தோ வந்துட்டேம்பா’ என்பாள். இத்தனை வருடமும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அந்தப் பேருந்தில்தான் எனக்குப் புரிந்தது. அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி ‘சாரி’ என்று சொல்லி ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அந்த ஞாயிறு கரோலிடமும் ஆதிலிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கரோல் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘ஆனால் அது உன் கதை. உனக்குச் சொந்தமானது. அதைச் சொல்ல நீ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை’ என்றார். அன்பாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குச் சேர்த்து இருந்த ஒரே கதை அது, அதில் என் பங்கு எது என்று பிரித்துக்காட்ட எனக்கு ஆங்கிலம் போதவில்லை. ‘அக்கா உன்னோடு பேசிய இந்த டெலிபோன் பேச்சை எழுது. உன் நல்ல ஐந்து நிமிடம் அதுதான்’ என்று அவரே தொடர்ந்தார். மரியாதைக்குச் சிரித்தேன். ஆதில் சிரிக்கவில்லை. ‘அந்தக் கரை உன் பக்கம் என்று ஜோக்கில் வருகிறதா?’ என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் சிப்ஸைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அப்பாவைக் கண் தெரியாதவராக மேடையேற்றியபோது, எனக்காக அவர் சொன்ன பொய்யை எடுத்தே அவரை அடித்திருக்கிறேன். அன்று கடையில் மௌனமாக நின்றதைவிட இது கேவலம்.

மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் மதியம். ‘கோர்வை உட்டது நான்தான்பா. அத மட்டும் சொல்லாம உட்டுட்டேன்’ என்றேன். அந்தப் பக்கம் தறிச்சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டுத் தறியாக இருக்க வேண்டும். அப்பா சொன்னார்: ‘நீ வெளயாட்டா ஏதோ சொல்லிக்கினு இருந்த. பொண்டாட்டி செத்து வருசம்கூட ஆவல. நான்தான் சிரிச்சிட்டேன். சிரிச்சது என் தப்புபா.’ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் நாத்தனார் கல்யாணம். குடும்பக் குழுவில் படங்கள் வந்தன. முகூர்த்தப் படத்தில் அக்கா வேறொரு புடவையில் இருந்தாள். எல்லார் கண்ணும் எதைத் தேடும் என்று அவளுக்குத் தெரியாதா? அப்பா ஓரத்தில், கேமராவைப் பார்க்காமல் நின்றிருந்தார். இருவருக்கும் நடுவில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு கரோல் என்னைப் புடவை ஜோக் சொல்லச் சொன்னார். வழக்கமாக வருபவர்கள் கேட்கிறார்களாம். இனி அது இல்லை என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு புதுப் பையன் தன் அப்பா டிரைவிங் டெஸ்டில் ஏழு முறை தோற்ற கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். அறையோடு சேர்ந்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தபோது என் கை பக்கத்து நாற்காலிப் பக்கமாக விரிந்து நீண்டிருந்தது. நடுவிலிருந்து அப்பா தள்ளிவிடும் நாடாவைப் பிடிக்க வைத்திருக்கும் கை அது. மடக்கத் தோன்றவில்லை. அப்படியே வைத்திருந்தேன்.